அக்கா மகளின் பரிசோதனை

மதியம் மூன்று மணிக்கே நர்சுக்குக் கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது. பல்கலைக்கழக மாணவர் நல மையத்தில் தடுப்பூசிப் பிரிவில் நிம்மதியாக இருந்தவள் அவள். பாலியல் நலப் பிரிவில் இருந்தவள் பிரசவ விடுப்பில் போக, இவளைத் தூக்கி அங்கே போட்டார்கள். இன்றோடு ஒன்பது நாள். காலையிலிருந்து இருபத்தோரு பேரிடம், "வீட்டுக்குத் தகவல் எதுவும் போகாது, தைரியமா சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது.

அடுத்த எண்ணை அழைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது சொந்த அக்காவின் மகள்.

"சித்தி... நீங்க ஊசி போடற இடத்துலதானே இருப்பீங்க?"

"ஆள் இல்லைன்னு இங்க மாத்திட்டாங்க."

பெண் அப்படியே திரும்பினாள்.

"நில்லுடி. என்கிட்ட வேண்டாம்னா டாக்டரம்மாகிட்ட அனுப்பறேன். நாளைக்கு வருவாங்க. வைத்தியம் பார்க்காம மட்டும் ஓடிடாத."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

இருபத்தோரு முறை தண்ணீர்பட்ட பாடாக வந்த வாக்கியம் இப்போது சுலபமாக வரவில்லை. அக்காவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

"மாட்டேன்."

பத்து நாளாகச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிவயிற்றில் வலி. ஆணுறை பயன்படுத்தினார்களா என்று கேட்டபோது, "சில நேரம்" என்றாள்.

"உன்னைக் கட்டாயப்படுத்தினானா?"

"இல்ல சித்தி. எனக்கும் இஷ்டம்தான். ஏன் முகத்தை அப்படி வச்சிருக்கீங்க?"

"என் முகமே இதுதான். காலையிலேர்ந்து ஒரு வாய் டீ கூடக் குடிக்கலை."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நர்ஸ் பஞ்சுப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டவும் தெம்பு வேண்டுமே.

அன்று எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு நான்காம் நாள் வந்தது. உடலுறவில் பரவும் தொற்றுதான், மாத்திரையில் குணமாகிவிடும். பையனும் வந்தாக வேண்டும் என்றாள் நர்ஸ். வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தவன், கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தே பதில் சொன்னான். அவனுக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"இவ ஏதோ மாத்திரை முழுங்கறா. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. உங்க மையத்துச் சீட்டுதான் பையில இருந்துச்சு. என்னடி அது?"

"அவகிட்டயே கேளுக்கா."

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது."

"நீ எனக்குத் தங்கச்சியா, இல்ல அவளுக்கு வக்கீலா?"

போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த ஐந்து வாரம் அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இவளும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் உளறிக் கொட்டிவிடுவோமோ என்று பயம்.

அதற்குள் எரிச்சல் நின்றுவிட்டதாகப் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு நாளும் குறித்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் அக்காவே கூப்பிட்டாள். முட்டிவலிக்கு என்ன மாத்திரை நல்லது என்று கேட்டாள். மகள் சொல்லிவிட்டாளா, அக்கா தானாகவே ஊகித்துவிட்டாளா, இல்லை கோபமே அலுத்துப்போய்விட்டதா? துருவிக் கேட்க இவளுக்குத் திராணி இல்லை. மாத்திரையின் பெயரைச் சொல்லி, சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிச் சோபாவில் சாய்ந்துகொண்டாள்.