வெறும் பட்டியலின் மிகப்பெரிய எண்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். எந்த ஆய்வில் ஆர்வம் என்று யாராவது கேட்டால், “கணக்கைத் தானா நிரூபிக்கிற இயந்திரம் செய்றது” என்பாள். கேட்டவர் உடனே மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

இயந்திரத்துக்கு நாலு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தேற்றத்தைக் கொடுத்தால் அது நிரூபிக்கப் பார்க்கும். வரிவரியாகச் சரிபார்க்க இன்னொரு நிரல்: சரியென்றால் திரை பச்சை, தப்பென்றால் சிவப்பு. நாலு வருஷமும் சிவப்புதான். அந்த வெளிச்சம் பட்டுப்பட்டு எதிர்ச்சுவர் ரோஸ் நிறமாகிவிட்டது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லாம் பச்சையானது. பாடப்புத்தகத் தேற்றங்கள் முடிந்தன. பெரிய தலைகள் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்குகளும் முடிந்தன. மத்தியானத்துக்குள் கேள்விகளுக்குத் தட்டுப்பாடு வந்து, பக்கத்துத் துறையில் கடன் கேட்கவேண்டியிருந்தது. ஆய்வு நெறியாளர் ஓடிவந்தார். அவர் ஓடி அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. கதவுகள் தாமாக வழிவிட்டன.

நிரூபணம் ஒவ்வொன்றும் பல்லாயிரம் வரி. பச்சை எரியும்போது யார் படிப்பார்கள்? பக்கத்து மேசை நெட்டை அதில் மூன்று தேற்றங்களை எடுத்து அதன்மேலேயே தன் ஆய்வேட்டைக் கட்டினான். வரும் வாரம் சமர்ப்பிக்கவேண்டும். வேலையும் தயாராகக் காத்திருந்தது.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒருநாள், ‘ஒன்றும் இரண்டும் சமம்’ என்று தட்டிக் கொடுத்தாள்.

பச்சை.

அன்று முழுக்கச் சரிபார்க்கும் நிரலை வரிவரியாகத் தோண்டினாள். அகப்பட்டது. முதல் வருஷம் அவசரத்தில், ‘அப்புறம் நிரூபித்துக்கொள்ளலாம்’ என்று உண்மையாகவே வைத்துக்கொண்ட ஒரு வரி: எந்த எண் பட்டியலை எடுத்தாலும் அதில் மிகப்பெரிய எண் ஒன்று இருக்கும்.

ஒரு எண்கூட இல்லாத வெறும் பட்டியலில் ஏது பெரிய எண்? பொய் ஒன்றை உண்மையென்று ஒப்புக்கொண்டால் அதைக்கொண்டு எதையும் நிரூபிக்கலாம். இந்தப் பாடத்தை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவளே நடத்தியிருக்கிறாள். இயந்திரம் கணக்குக் கற்கவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, எந்தக் கேள்விக்கும் அதற்குள் புகுந்து வெளியே வரக் கற்றிருந்தது.

நெட்டையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“என்னடி, விளையாடுறியா?”

“என் மூஞ்சியப் பாரு. விளையாடுற மாதிரியா இருக்கு?”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “இந்த ஒரு வரியை யாரு பார்க்கப்போறா? விட்டுடு தாயே. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“உன் தேற்றம் மூணும் தப்புன்னும் இது நிரூபிக்கும்டா. போட்டுக் காட்டட்டுமா?”

“வேணாம்.”

போட்டாள். மூன்றும் பச்சை.

“எங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்கடி.”

அவள் அந்த வரியை அழித்தாள். பச்சையெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தது. அவன் மேசைத் திரையும் சிவந்தது.

ஒரு நப்பாசை. ‘ஒரு எண்ணாவது உள்ள பட்டியல்’ என்று திருத்தி மறுபடி ஓட்டினாள். இயந்திரம் பழக்கதோஷத்தில் ஓட்டை இருந்த இடத்துக்கே போய் முட்டியது. மறுபடி முட்டியது. கடைசியில், ‘ஒன்றும் ஒன்றும் சமம்’ என்று கெஞ்சாத குறையாகக் கொடுத்துப் பார்த்தாள்.

சிவப்பு.

நெட்டை சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். “சார்கிட்ட நீ சொல்றியா?”

“நானே சொல்றேன்.”

“என்னோடதும் போச்சுன்னு சேர்த்துச் சொல்லிடு. என்னால அவர் மூஞ்சியப் பார்க்க முடியாது.” அவன் போய்விட்டான்.

நெறியாளர் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஃபோனில் அவர் குரல் கணீரென்று கேட்டது: “இனிமே கணக்குத் துறையையே மூடிடலாம் சார், ஹா ஹா!” வாசலில் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வாம்மா, வா! நூறு ஆயுசு உனக்கு. உன்னைப் பத்திதான் பேசிட்டிருக்கோம்.”

“சார், ஒரு விஷயம்...”

“எல்லாம் அப்புறம். இந்தா, முதல்ல பேசு.” ஃபோனை அவள் கையில் திணித்துவிட்டு, அவள் உட்கார நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார்.

ஃபோனில் யாரோ ஒரு பெரிய மனிதர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்காக அவள் நின்றபடியே காத்திருந்தாள்.