அன்னக்கொட்டாயின் முகம்

டவுன்ஹால் பக்கம் அந்தக் கட்டடத்தை எல்லோரும் அன்னக்கொட்டாய் என்றுதான் சொல்வார்கள். பத்திரத்தில் இருந்த பெயர் நரசிம்மா டாக்கீஸ். அன்னம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அன்னம்மாள் என்று ஒரு முதலாளியம்மா இருந்திருப்பார் என்று சிலர் ஊகமாகச் சொல்வார்கள். இஸ்மத் பார்த்த நாளிலிருந்து அது வெள்ளி நிறத் தகட்டு ஷீட் போர்த்திய ஒரு பெரிய பெட்டி. படம் ஓடுவது நின்ற பிறகு அதன்மேல் பழைய விளம்பரத் துணி ஒன்று கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இஸ்மத்துக்கு வீடு கோட்டைமேட்டில். பழைய கட்டடங்களை இடித்துக் கொடுப்பதுதான் அவளும் கணவன் நிஜாமும் செய்துவந்த தொழில். லாரியும் பொக்லைனும் நிஜாமின் பொறுப்பு. எதை முதலில் இறக்க வேண்டும், எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்பதையெல்லாம் இஸ்மத் பார்ப்பாள். சிவில் டிப்ளமா முடித்தவள். கட்டத்தான் படித்தாள், ஊர் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் இடிக்கிற வேலை. நாற்பது வயதைத் தாண்டியும் தான் நிறுத்திவைத்தது என்று கைகாட்ட அவளுக்கு ஒரு கட்டடம் இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

கொட்டகையைக் கட்டியவர் நரசிம்மலு. அது இப்போது பேத்தி ஹாரிகாவின் கைக்கு வந்திருந்தது. உள்ளே துணிக்கடை வைப்பது, முகப்பு முழுக்கக் கண்ணாடி போடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பழைய ஷீட்டைக் கழற்றி, பின்னால் இருப்பதைச் சுத்தமாக வழித்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் இஸ்மத்துக்கு வந்த வேலை.

முதல் ஷீட் இறங்கியதும் புறா எச்சமும் தூசியும் சாரத்தில் நின்றவர்கள்மேல் கொட்டின. ஷீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்புச் சட்டம். அதற்கும் பின்னால், கொட்டகைக்கு ஏசி போட்ட காலத்தில் வைத்த சிமெண்ட் ஜாலிச் சுவர். நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டைகள், அடியில் நீலமும் மஞ்சளுமாகச் சில்லு ஓடு. ஜாலி ஓரிடத்தில் உடைந்திருந்தது. இஸ்மத் அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கழுத்து தெரிந்தது. சுண்ணாம்பில் செய்த, வளைந்த, நீளமான கழுத்து.

ஜாலியின் மேல் வரிசைகளை மட்டும் எடுத்ததில், அன்றைக்கு மாலைக்குள் இரண்டு அன்னங்களும் வெளியே வந்துவிட்டன. முகப்பின் உச்சியில் இருந்த நடுக் கோபுரத்துக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்த்தபடி ஆளுயரத்துக்கு நின்றன. எதிர்ச்சாரியில் கூட்டம் கூடிவிட்டது. ஹாரிகா ஓடிவந்து பார்த்தாள். அவளும் அதுவரை பார்த்ததில்லை. கண்ணாடி வேண்டாம், தாத்தா கட்டிய முகத்தையே முழுசாக வெளியே கொண்டுவந்துவிடலாம், அந்த ஜாலி அசிங்கத்தை மட்டும் எடுத்துப்போடுங்கள் அக்கா என்றாள்.

மறுநாள் இடது பக்கத்து மீதி ஜாலியை எடுத்தார்கள். ஜாலிக்கு நடுவே நின்ற இரண்டு கான்கிரீட் கால்களையும், ஜாலியைத் தாங்க வைத்தவை என்று நினைத்து, அறுத்து இறக்கினார்கள். சற்று நேரத்தில் கோபுரத்தின் அடியில் சடசடவென்று ஒரு சத்தம். இஸ்மத் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானே சாரத்தில் ஏறினாள். காலையில் முடி அளவுக்குக்கூட இல்லாத விரிசலில் இப்போது அவள் சுண்டுவிரல் நுழைந்தது.

சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஏசி போட்ட காலத்தில் வாசலை அகலமாக்குவதற்காக நரசிம்மலு கட்டிய நான்கு தூண்களில் இடப்பக்கத்து இரண்டை வெட்டிவிட்டு, மேலே ஒரு கான்கிரீட் பீம் கொடுத்திருக்கிறார்கள். பீமைத் தாங்கி நின்றவை அந்தக் கான்கிரீட் கால்கள். அசிங்கம் என்று எடுத்த புது முகம்தான் இத்தனை வருஷமாகப் பழைய முகத்தைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது.

மாநகராட்சிப் பொறியாளர் அருண்குமார் வந்து பார்த்தார். நிதானமான மனிதர். நடைபாதையில் ஆள் நடமாட்டத்தை உடனே நிறுத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், அதற்குள் கோபுரம் உறுதியாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிவிட வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் திரண்டுகொண்டிருந்தது.

ஹாரிகா பயந்துபோனாள். "யாரு தலைமேலயாச்சும் விழுந்துட்டா நான் என்னக்கா செய்வேன்? இடிச்சிரலாங்க்கா. அன்னம் ரெண்டையும் மட்டும் அறுத்து எடுத்து உள்ள வெச்சுக்கறேன்."

நிஜாமும் அதையேதான் சொன்னான். தெரியாத சுமையோடு எதற்கு விளையாட வேண்டும் என்று கேட்டான்.

இஸ்மத் ஹாரிகாவைப் பார்த்துச் சொன்னாள்: "இடிக்கிறது எங்களுக்கு ஒரு நாள் வேலைங்க அம்மணி. அதை எப்ப வேணும்னாலும் செஞ்சுபோடலாம். நிறுத்தறதுக்கு இந்த வாரம் மட்டுந்தான் இருக்குதுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னை உடுங்க. நிக்கலைன்னா நானே இறக்கித் தாரேன்."

ஹாரிகா நிமிர்ந்து அன்னங்களைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். நிஜாம் முட்டுக்கொடுக்க இரும்புக் கர்டர் ஏற்றிவர சிங்காநல்லூருக்கு லாரியை எடுத்தான்.

கொட்டகையின் இடது ஓரத்தில் ஜபருல்லாவின் குடைக்கடை இருந்தது. மழைக்காலம்தான் தனக்கு வியாபாரம், கடையைப் பூட்ட முடியாது என்று அவர் அடம்பிடித்தார். இஸ்மத் வாதாடவில்லை. எதிர்ச்சாரியில் சாத்திக் கிடந்த ஒரு கடையின் முன்புறத்தை அவருக்காகக் கேட்டு வாங்கினாள். தன் ஆட்களை விட்டே குடைகளைச் சுமந்துபோய் அடுக்கினாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே அவர் வியாபாரத்தைப் பார்த்தார்.

பீமுக்கு அடியில் ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் அரைத் திருகு, அரைத் திருகாக ஏற்றினார்கள். ஒரேயடியாக ஏற்றினால் விரிசல் மேலே ஓடிவிடும். ஒவ்வொரு திருகுக்கும் இஸ்மத் மேலே ஏறி விரலை வைத்துப் பார்த்தாள். தலையில் கட்டிய துப்பட்டாவும் புருவமும் சுண்ணாம்புத் தூளில் வெளுத்துப்போயின. ஒரு கர்டர் உட்கார்ந்தது. இரண்டாவதை ஏற்றுவதற்குள் புதன்கிழமை பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது.

சாய்வாக அடித்த மழை. பழைய சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துக் கனத்தது. இஸ்மத் ஆட்கள் எல்லோரையும் கீழே இறக்கி வெளியே அனுப்பினாள். கடைசி ஆள் வெளியேறி அதிக நேரம் ஆகவில்லை. இடது ஓரத்துக் கைப்பிடிச் சுவர் அப்படியே பிதுங்கிச் சரிந்தது. கூடவே இடப்பக்கத்து அன்னமும் போயிற்று. சாரத்தில் கட்டியிருந்த வலையைக் கிழித்துக்கொண்டு எல்லாம் குடைக்கடையின் தகரக் கூரைமேல் விழுந்தன. கூரை தரையோடு தரையாகிவிட்டது.

ஜபருல்லா எதிரே நின்று அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் இஸ்மத்தைத் திட்டவில்லை.

இஸ்மத் ஆட்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். கோபுரத்தையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றாள். அது அசையவில்லை. நிஜாம் வந்து பக்கத்தில் நின்றான். போதும், விட்டுவிடு என்று சொல்வான் என நினைத்தாள்.

"பாரம் கொஞ்சம் கொறைஞ்சிருச்சு," என்றான் அவன். "மழை உட்டதும் ரெண்டாவது கர்டரை ஏத்திரலாம்."

ஏற்றினார்கள். அறுத்தெடுத்த கால்கள் நின்ற இடத்திலேயே இரும்புக் கால்களை நட்டு, அடியில் கான்கிரீட் போட்டார்கள். வெள்ளிக்கிழமை அருண்குமார் வந்தார். விரிசலைப் பார்த்தார், கர்டரைத் தட்டினார், கீழே படுத்துக்கொண்டு பீமின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே, இனி இறக்க வேண்டியதில்லை, நடைபாதையை மட்டும் வேலை முடியும்வரை மூடி வையுங்கள் என்றார். ஹாரிகா இஸ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெடித்திருந்ததைப் பார்த்து விட்டுவிட்டாள்.

விழுந்துபோன அன்னத்தைப் புதிதாகச் செய்து வைக்கலாமா என்று ஹாரிகா ஒருநாள் கேட்டாள். இஸ்மத் வேண்டாம் என்றாள். இடப்பக்கம் ஜாலியைத் திரும்ப வைப்போம், அந்தப் பக்கத்துக்கு அதுதான் முகம் என்றாள். ஹாரிகாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. இஸ்மத் உடைத்துப்போட்ட குவியலிலிருந்து முழுசாக இருந்த நட்சத்திரக் கற்களைப் பொறுக்கி, கழுவி, வெயிலில் அடுக்கிக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டாள்.

இப்போது போனாலும் பார்க்கலாம். வலப்பக்கம் ஜாலியை எடுத்ததில் வெளியே வந்த இரண்டு உருண்டைத் தூண்கள், மேலே ஒற்றை அன்னம். இடப்பக்கம் நீலமும் மஞ்சளுமாய்ச் சில்லு ஓடு, அதன்மேல் நட்சத்திர ஜாலி, நடுநடுவே மறைக்காமல் விட்ட இரும்புக் கால்கள். பொருத்தமே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஜபருல்லா பழைய இடத்திலேயே கடையைப் போட்டுக்கொண்டு, அப்படிச் சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போகிறார்.

சாரம் இறங்கிய அன்று நிஜாமுக்கு ஒரு போன் வந்தது. காந்திபுரம் பக்கம் ஒரு பழைய லாட்ஜை இடிக்க வேண்டுமாம். எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறார்கள் என்றான். இஸ்மத் போனைக் கையில் வாங்கினாள்.

"தேதி இப்பச் சொல்ல முடியாதுங்க. முதல்ல நான் வந்து கட்டடத்தைப் பாக்கோணும். நாளைக்குக் காத்தால வாரேன்."