எண்பது கிலோ

“ஏறுங்கண்ணே,” என்றான் மெக்கானிக்.

பட்டறையில் எல்லோரும் ‘எண்பது’ என்று கூப்பிடும் கூட்டிப் பெருக்குகிறவர், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, மெஷினின் இரும்புக் கை நுனியில் தொங்கிய பலகையில் உட்கார்ந்தார். பந்தயக் கார் இன்ஜின்களின் சக்தியை அளக்கும் மெஷின் அது. அளக்கும் முன், எவ்வளவு என்று தெரிந்த ஓர் எடையைத் தொங்கவிட்டு முள்ளைச் சரிசெய்ய வேண்டும். எடைக்கற்கள் தொலைந்தபோது, புதிதாக வாங்கக் கஞ்சப்பட்ட முதலாளி இவரைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். சரியாக எண்பது கிலோ. அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று.

மனைவி செத்த பிறகு அவரிடம் யாராவது பேசினார்கள் என்றால் இந்த “ஏறுங்கண்ணே” மட்டும்தான். ஓர் ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்கக் கை எழவில்லை. பன்னும் டீயுமாகக் காலம் ஓடியது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். இளைத்தது தெரிந்தால் இந்தப் பலகையும் போய்விடுமே என்ற பயத்தில், சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் முள்ளை எண்பதில் நிறுத்தினான். இன்ஜின் உறுமியது.

“அதே பழைய இன்ஜின்தான் முதலாளி, பவர் என்னமா ஏறியிருக்கு பாருங்க!”

முதலாளி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பந்தயத்தில் மட்டும் கார் கடைசியாகவே வந்தது. பழி ஓட்டுகிறவன் தலையில் விழுந்தது.

பட்டறைக்குப் பட்டறை ஒரு கணக்கு ஆகாது, எல்லா மெஷினையும் ஒரே எடைக்கற்களால் சரிபார்க்க வேண்டும் என்று பந்தயச் சங்கம் முடிவுசெய்தது. சங்கத்து அதிகாரி பெட்டியோடு வந்தார். எண்பது கிலோ இரும்பைத் தொங்கவிட்டதும் முள் எண்பதைத் தாண்டிப் போய் நின்றது.

“கூடுதலா காட்டுதே. எதை வெச்சு சரி பண்ணீங்க?”

எல்லோரும் பெருக்குகிறவரைப் பார்த்தார்கள். பிறகு தராசில் ஏற்றினார்கள். இரண்டு சட்டையோடு எழுபத்திரண்டு.

“எட்டு கிலோவை எங்கய்யா தொலைச்ச?” முதலாளி கத்தினார்.

“வீட்ல அவ இல்லைங்க.”

“எவ?”

அவர் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

“என் மானத்தையே வாங்கிட்டியே. நாளைலேர்ந்து வராதே.”

போகும் முன் ஓர் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கற்களைப் பெட்டியில் எடுத்துவைக்கக் குனிந்தார்.

“தொடாதீங்க, தொடாதீங்க!” அதிகாரி பதறினார். “கை வேர்வை பட்டா துருப்பிடிச்சு எடை மாறிடும். வருஷம் தவறாம நிறுத்துப் பார்க்கிறோம், குறைஞ்சிருக்கான்னு.”

ஒவ்வொரு கல்லையும் மெல்லிய துணியால் துடைத்து, பஞ்சு வைத்த குழியில் பதமாகப் படுக்கவைத்தார்.