மெழுகுத் தரையில் ஆங்கிலம்

திங்கட்கிழமை எங்கள் ஊர் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்றுதான் கண்ணாடிக் கூடத்தின் மரத்தரைக்கு மெழுகு போடுவார்கள். அன்றுதான் பானி யாட்விகாவுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன்; எங்கள் மொழியில் பானி என்றால் திருமதி, பான் என்றால் திரு. என் மனைவி மாக்தா இறந்த பிறகு, வீட்டைவிட்டு வெளியே இருக்க எந்த வேலையானாலும் எனக்குச் சரி.

யாட்விகா அந்தக் கூடத்தின் காவலாளி. ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டாத யாரையும் உள்ளே விட்டதில்லை, பிஷப்பைக்கூட. வெளிநாட்டவருக்கு வழிகாட்டியாக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அருங்காட்சியக டைரக்டர் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். தவறினால் பழையபடி மூலை நாற்காலிதான்.

"தரை வழுக்கும்னு சொல்லணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு நாலு வார்த்தை? ஸ்லிப், ஸ்லைட், கிளைட், ஸ்கிட்! நம்ம மொழியில வழுக்கறதுக்கு ஒரே சொல், ஷ்லீஸ்காச். அதுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டா வேலை முடிஞ்சுது," என்றார் யாட்விகா.

"ஒண்ணு நீங்களா செய்யறது. ஒண்ணு தானா நடக்கறது."

"வாயால சொன்னா ஏறாது, பான் லெஷெக். செருப்பை மாட்டுங்க."

மாட்டினேன். ஓடிவந்து நின்றபடியே சறுக்கினால் ஸ்லைட். அன்னம் போல அலுங்காமல் போனால் கிளைட். எதிர்பாராமல் தரை காலை வாரினால் ஸ்லிப். ஸ்கிட்டுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். மெழுகு டப்பா வைக்கும் தள்ளுவண்டியில் என்னை உட்காரவைத்து, வேகமாகத் தள்ளி, சட்டென்று திருப்பினார். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், ஓர் இளவரசியின் ஓவியத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? வண்டியில ஆள் இருக்கற மாதிரியே தெரியல."

தேர்வும் ஒரு திங்கட்கிழமைதான். நானும் ஓரமாக நின்றிருந்தேன். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, டைரக்டர் இங்கிலாந்துக்காரராக நடித்தபடி வந்தார். யாட்விகா வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. டைரக்டர் காத்திருந்தார். பிறகு தோல் ஷூவோடு தரையில் கால் வைக்கப் போனார்.

அதை மட்டும் யாட்விகாவால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே பாய்ந்தார். குனிந்து கம்பளிச் செருப்புகளை அவர் காலில் மாட்டினார். இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்தார்.

"ஸ்லைட்," என்றார். டைரக்டர் சறுக்கினார். "கிளைட்! நைஸ் கிளைட்!" பாதிக் கூடத்தில் வேகம் கூடியது. "நோ ஸ்லிப்! நோ—"

டைரக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மாதாவே! என்ன பண்றீங்க நீங்க?" என்று எங்கள் மொழியில் அலறினார்.

"இங்கிலீஷ் ப்ளீஸ், பான் டைரக்டர். நீங்க இப்போ வெளிநாட்டுக்காரர்."

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எழ முயன்றார். செருப்பு விடவில்லை. மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஹெல்ப்," என்றார் கடைசியில்.

யாட்விகா கைகொடுத்துத் தூக்கினார்.

"தேறிட்டீங்க," என்றார் டைரக்டர், இடுப்பைப் பிடித்தபடி. "அடுத்த வாரத்துலேர்ந்து நீங்கதான் வழிகாட்டி. ஆனா வர்றவங்க கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது."

"அப்புறம் அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"புரியவே வேண்டாம். கை காலோட முழுசா ஊர் போய்ச் சேரட்டும்."