ஸ்வீட்டிக்காக ஒரு ஜெபச்சீட்டு

எங்கள் தாராவி சபையில் இளவட்டத்தில் தமிழைத் தடுமாறாமல் வாசிப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் தமிழ்ப் பாட்டையே இந்தியில் எழுதிவைத்துப் பாடுகிற கூட்டம். அதனால் ஞாயிறுதோறும் ஜெபச்சீட்டு வாசிக்கிற வேலை என் தலையில். சபையார் வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள்; விழுந்த சீட்டு எதையும் விடக்கூடாது, அது சபை வழக்கம்.

ஸ்வீட்டி என் அக்கா. கல்லூரிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவள். கோஷம் போட்ட மாணவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதை எழுதினாள்; பத்திரிகையையே மூடிவிட்டார்கள். "எழுதுனா மூடுதானுவ. சரி, இனி ரோட்டுலதான்" என்று கிளம்பினாள். வாயைத் திறந்தாலே கேஸ் போடுகிற காலத்தில் துண்டறிக்கை, ஊர்வலம், ஆட்சியை இறக்காமல் விடமாட்டோம் என்று கூட்டம். தேசத்துரோக வழக்குப் போட்டுத் தேடினார்கள். மான்குர்த்தில் சித்தி வீட்டில் ஒளித்துவைத்தோம். அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. அழுதாள், சொல்லித் தொலைத்தேன்.

அந்த ஞாயிறு ஆறு சீட்டு முடித்து ஏழாவதை எடுத்தேன். மைக் முன்னால் நின்றால் எனக்கு என் குரல்தான் கேட்கும், அர்த்தம் கேட்காது.

"மான்குர்த்தில் என் தங்கை வீட்டில் மறைந்திருக்கும் என் மகள் ஸ்வீட்டியை, போலீசார் கண்ணில் படாமல் கர்த்தர் காக்கும்படி. தாயார் லூசியம்மாள்."

வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மடப்பயல் நான்! அங்கிருந்தே ஓடினேன். அக்காவிடம் போன் கிடையாது. சித்தி எடுக்கவில்லை. தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் வேறு, ஹார்பர் லைனில் ரயிலே இல்லை. ரிக்‌ஷா பிடித்துப் போய் இறங்கியபோது அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடில தெரிஞ்சுது?"

சொன்னேன். பல்லைக் கடித்தாள்.

"பாகல் ஹை க்யா? பைத்தியமால நீ? கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?" பிறகு குரலை இறக்கினாள். "அவ சீட்டாலதான் புடிச்சானுவன்னு அம்மாட்ட சொல்லிராத, சுஜின். செத்துருவா."

ஜாமீன் கிடைக்கவில்லை. எனக்கு யார்மேலாவது கத்த வேண்டும்போல இருக்கிறது. வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு அவள் சீட்டைப் பெட்டியில் போடவில்லை. நேராக என் கையில் திணித்தாள்.

"போன வாரம் கர்த்தர் காதுல விழல போல. இந்தத் தடவ இன்னும் கொஞ்சம் சத்தமா வாசில, என்னா?"