வேறொருத்தி தைத்த சட்டை

துவைத்த துணியை அலமாரியில் வைக்கப் போன இடத்தில்தான் டேப்பக்காவின் கண்ணில் அது பட்டது. தங்கையின் துணிகளுக்குள், அடிக்கும் அடியில், ஒரு சட்டை. செங்கல் நிறம். காலர் வைத்து, முன்னால் ஆறு பட்டன். இடது தோளில் தொடங்கி முழங்கை வரைக்கும் மஞ்சள் நூலில் இலை இலையாக இறங்கும் பூவேலை.

பார்க்க நல்ல சட்டைதான். ஆனால் அதை டேப்பக்கா தைக்கவில்லை.

வேறு வீட்டில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் விஷயம்தான். கீழே தையல்கடை, மேலே வீடு. கழுத்தில் டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர்தான் டேப்பக்கா. நூலகத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு இப்போது நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வயதிலிருந்து அவள் உடம்பில் ஏறிய ஒவ்வொரு துணியும் அக்கா வெட்டி அக்கா தைத்தது. கடைத்துணி வாங்கவே கூடாது. "ரெடிமேட் நம்ம உடம்புக்கு ஒத்து வராதுடி" என்பாள். எதற்கு, ஏன் என்று தங்கை கேட்டதில்லை. அக்கா கொடுக்கும் சாம்பல் நிறத்தையும் மண் நிறத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். இருப்பது இரண்டே பேர். தங்கையும் கைவிட்டுப் போனால் தனக்கு யார் என்று டேப்பக்காவுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

கட்டிலில் உட்கார்ந்து சட்டையை உள்பக்கம் திருப்பினாள். சட்டையின் வெளிப்பக்கம் ஊருக்கு. யார் தைத்தது என்று தெரிய வேண்டுமானால் உள்ளேதான் பார்க்க வேண்டும். ஓரம் பிரியாமலிருக்க மிஷினில் ஓவர்லாக் போடவில்லை, கையாலேயே மடித்துத் தைத்திருந்தது. ஒரு தையல் நெருக்கம், அடுத்தது அகலம். பட்டன் நுழையும் துளைகளில் முதல் காஜா கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், மூன்றாவது காஜா கோணிக்கொண்டு போயிருந்தது. பிறகு தோளைப் பார்த்தாள். இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்து டேப் வைத்தாள். இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கி வெட்டப்பட்டிருந்தது.

அந்த முக்கால் இஞ்ச் உலகத்தில் தன் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் முதலாகத் தங்கையை நிறுத்தி அளந்த அன்றே பார்த்துவிட்டாள், இடது தோள் தாழ்ந்திருப்பதை. வாயைத் திறக்கவில்லை. அளவு நோட்டில்கூட எழுதவில்லை. இரண்டு தோளிலும் லைனிங்குக்குள் பஞ்சு பேட் வைத்து, இடதில் மட்டும் இன்னும் இரண்டு மடிப்பு சேர்த்துத் தைத்து மூடினாள். அன்றிலிருந்து இன்று வரை ஒவ்வொரு சட்டையிலும் அப்படித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொல்வார்களே, இவள் இருபத்திரண்டு வருடம் மறைத்துக் காட்டினாள்.

ஆக, எவளோ ஒருத்தி தன் தங்கையை நிற்க வைத்து, தொட்டு அளந்திருக்கிறாள். இவளும் போய் நின்றிருக்கிறாள்.

அதன்பிறகு வீட்டில் டேப்பக்காவுக்குக் கண் நான்கானது. சனிக்கிழமைகளில் நூலகம் பூட்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தங்கை வீடு வருகிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. போன மாதம் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். கேட்டதற்கு, பேப்பர் கிழித்துவிட்டது என்றாள். பேப்பர் கோடு போல் கிழிக்கும். அது ஊசி குத்திய புள்ளி. கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினால் மஞ்சள் நூல் துண்டு ஒன்று கிடைக்கிறது. நெருப்பில்லாமல் புகையுமா?

சந்தேகம் நேரே போய் நின்ற இடம், தெருமுனையில் புதிதாக வந்த கண்ணாடிக் கதவு போட்ட தையல்கடை. திங்கட்கிழமை சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்து டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் மாதிரி உள்ளே போனாள்.

"இதே மாதிரி ஒண்ணு தைக்கணும். உங்க கடையில தைச்சதுதானே?"

கடைக்காரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க கையே இல்லைங்க. எந்தக் கடையிலயும் தைச்ச மாதிரி தெரியல. காஜாவைப் பாருங்க, பாவம்." பிறகு தோளில் அவள் விரல் நின்றது. "ஆனா இந்த வெட்டு இருக்கே, நின்னு நிதானமா பார்த்து வெட்டியிருக்காங்க. பொதுவா இத மறைக்கத்தான் சொல்லுவாங்க. இவங்க அது மேலயே பூ போட்டிருக்காங்க. யாரு தைச்சது?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு டேப்பக்கா வெளியே வந்தாள். தொழில் தெரிந்தவள் தைத்திருந்தால் தங்கை நல்ல தையலுக்கு ஆசைப்பட்டாள் என்று விட்டுவிடலாம். இதைத் தைத்தவள் கற்றுக்குட்டி. கற்றுக்குட்டியிடம் போய் நிற்கும் அளவுக்குத் தன்னிடம் என்ன குறை கண்டாள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை தங்கை வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது, வெட்டு மேசைமேல் சட்டை விரித்துக் கிடந்தது.

"இது யாரு தைச்சது?"

"என் அலமாரிய நோண்டினியாக்கா?"

"துணி வைக்கப் போனேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான்தான்."

டேப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார்கிட்ட கதை விடுற? உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது."

"தெரியாதுதான். நீ எங்க கோக்க விட்ட?" தங்கை கைப்பையை நாற்காலியில் வைத்தாள். "லைப்ரரி பின்னறையில சனிக்கிழமை ஆறு பேர் தைக்கிறோம். ஒரு நர்ஸ் அவங்க வீட்டு மிஷினக் கொண்டாந்து வச்சிருக்காங்க. முதல் துணி அவங்கவங்களுக்குத்தான் தைச்சுக்கணும். சுவத்துல பெரிய பேப்பர ஒட்டி அதுல சாய்ஞ்சு நிப்போம், இன்னொருத்தி பென்சிலால சுத்திக் கோடு போடுவா. என் கோட்டுல ஒரு தோள் இறங்கியிருந்துது. கோணலா நின்னுட்டேன்னு மறுபடி நின்னேன். மூணு தடவ நின்னேன்க்கா."

டேப்பக்காவின் விரல் சட்டையின் இடது தோளுக்குப் போனது.

"கடைசியில அந்த நர்ஸ்தான் சொன்னாங்க, உங்க தோளே அப்படித்தான்னு. நாப்பத்தொரு வயசுல என் தோள் எப்படி இருக்குன்னு வெளியாள் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து நீ தைச்ச சட்டை ஒண்ணப் பிரிச்சுப் பார்த்தேன்."

குட்டு வெளிப்பட்டது அக்காவுடையது. துப்பறிய ஒரு வாரம் அலைந்தவள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் உன்ன ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னுதான்டி பேட் வச்சேன்."

"யாரும் சொல்லலையேக்கா. நீ ஒருத்திதான் சொல்லிக்கிட்டே இருந்திருக்க, ஒவ்வொரு சட்டையிலயும்."

தங்கை குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் டேப்பக்காவும் பதிலுக்கு இரண்டு கத்தித் தப்பித்திருப்பாள். அவமானத்தில் காது மடல் சுட்டது. பாசத்தில் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் தனக்கே பொய்யாகப் படும் போலிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, நான் தைக்கிறேன்னு."

"சொல்லியிருந்தா நீ வாங்கிப் பிரிச்சுத் திரும்பத் தைச்சிடுவ. அதுக்குப் பயந்துதான் ஒளிச்சு வச்சேன்."

அந்த நிமிடத்திலும் டேப்பக்காவின் கை பரபரத்துக்கொண்டுதான் இருந்தது. "அந்த மூணாவது காஜா மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். இருக்கட்டும்."

தங்கை சட்டையை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். போட்டிருந்த சாம்பல் நிறத்தை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, செங்கல் நிறத்தில் வெளியே வந்து, கடைக் கண்ணாடி முன் நேராக நின்றாள். மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கை தோளிலிருந்து இறங்கியது. நல்லாருக்கா என்று அக்காவைக் கேட்கவில்லை. தன்னைப் பார்த்துத் தானே ஒருமுறை சிரித்துக்கொண்டாள். நெற்றியோர நரையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "சாயங்காலம் லேட்டாகும்க்கா, சாப்பிட்டுடு" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கடை வாசல்படி இறங்கினாள்.

டேப்பக்கா பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். பேட் இல்லாத தோளோடு தங்கை தெருவில் நடப்பதை இன்றுதான் பார்க்கிறாள். யார் பார்க்கிறார்கள், யார் யாரை இடிக்கிறார்கள், எவள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள் என்று முகம் முகமாக நோட்டம் விட்டாள். எவளாவது சிரித்தால் அங்கேயே போய்ப் பிடித்துக்கொள்வதற்குத் தயாராகத்தான் நின்றாள். பேப்பர் கடைக்காரர் பேப்பர் மடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் போனில் எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனார்.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை தெருமுனையில் திரும்பி மறையும்வரை அந்தத் தோளையே வெறித்துக்கொண்டு நின்றது டேப்பக்கா ஒருத்திதான்.