சிறகவரை பஜ்ஜி

பங்காரம்மாவின் புருஷன் லட்சுமணசாமிக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். போன வருஷம் முயல் வளர்த்தார். இந்த வருஷம் சிறகவரை. யாரோ கொடுத்த நாலு விதையை வீட்டுக்குப் பின்னால் ஊன்றிவிட்டார். அது பந்தலை மூடி, துணி காயப்போடும் கொடியைப் பிடித்து, டிவி ஆன்டெனாவரை ஏறிவிட்டது. நாலு பக்கமும் ரம்பம் வைத்தாற்போல் விளிம்புள்ள சாண் நீளக் காய். பொரியலும் அதுதான், சாம்பாரும் அதுதான். இலையையும் பூவையும்கூட அந்த மனுஷன் விடவில்லை. "கறிக்குச் சமமான சத்துங்க" என்று வருகிறவர்கள் தலையிலெல்லாம் கட்டினார். அவர்களும் மரியாதைக்கு "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தார்கள். அவர் அதை அப்படியே நம்பினார்.

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம் என்று பங்காரம்மா காலையிலேயே கெஞ்சியிருந்தாள். மகள் சுகுணாவைப் பெண் பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்து வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிற்று. இதுவாவது அமைய வேண்டுமே! நிச்சயம் ஆகும்வரை வந்தவர்கள் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள், கேசரியும் பஜ்ஜியும்தான். வாழைக்காயைச் சீவி வைத்துவிட்டு மகளுக்குப் பூ வைத்துவிடப் போனாள். திரும்பி வருவதற்குள் லட்சுமணசாமியே சுட்டெடுத்துக் கூடத்துக்குத் தட்டைக் கொண்டுபோய்விட்டார். தட்டு நிறையச் சிறகவரை பஜ்ஜி! அதுவும் நீளத்தைப் பார்த்துப் பூரிப்பதற்காகவே கொடியில் முற்றவிட்ட காய்.

மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி மென்றார், மென்றார், நாரை எங்கே துப்புவதென்று தெரியாமல் விழுங்கினார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"அப்படீங்களா! இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க."

பங்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெலுங்கில் திட்டலாமென்றால் வந்தவர்கள் வீட்டிலும் அதே தெலுங்குதான். கண்ணைக் காட்டினாள். அவர் பார்த்தால்தானே! மறுபடியும் தட்டை நீட்டினார்.

"போதுமுங்க! அவங்களால மெல்ல முடியலைங்க. சொல்லவும் முடியாம முழுங்கறாங்க. இதுகூடவா தெரியல உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் பங்காரம்மாவுக்கு உறைத்தது. போச்சு, இந்த இடமும் போச்சு. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ரங்கநாயகி வாயிலிருந்த நாரை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "நல்ல வேளைங்க அம்மணி, நீங்க சொல்லிப்போட்டீங்க. மனசுல பட்டதைச் சொல்ற ஊட்டுல பொண்ணெடுக்கோணும்னுதான் நானும் தேடிட்டிருக்கறேன். எங்களுக்குச் சம்மதமுங்க. நீ என்ன கண்ணு சொல்ற?"

மாப்பிள்ளை தம்பிதுரை அதுவரை வாயைத் திறக்கவில்லை. தின்னத்தான் திறந்திருந்தான் போலும். அவன் தட்டில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

"எனக்கும் சம்மதமுங்க" என்றவன், லட்சுமணசாமி பக்கம் ஆசையோடு திரும்பினான். "மாமா, இதுல விதை கிடைக்குங்களா? நம்ம தோட்டத்துல ரெண்டு ஏக்கரா போட்டுப்போடலாம்."

ஐயோ, இதுவும் அதே ரகமா! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள் பங்காரம்மா. அப்போதுதான் கதவோரத்திலிருந்து சுகுணாவின் குரல் வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"ரெண்டு கொடி போதுமுங்க. அதையும் பிஞ்சுலயே பறிச்சுப்போடோணும்."